ஊரடங்கில் வாடகை வீட்டைக் காலி செய்வது: நோட்டீஸ் முதல் அட்வான்ஸ் கைக்கு வரும் வரை

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து கொரோனாவுக்காக நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அதற்கு முந்தைய சில நாட்களில் சென்னையிலிருந்து ஊருக்குப் பஸ் ஏறியவர்கள் பலர், இரண்டு வாரத்துக்குத் தேவையான துணியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஊரடங்கோ மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது. வேலை போனவர்கள் இருந்தார்கள், வீட்டிலிருந்தே வேலை என்று ஆனவர்களும் இருந்தார்கள். வேளச்சேரியிலும் சோழிங்கநல்லூரிலும் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு வாடகை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

"நாங்க இனிமே வரமாட்டோம் சார், வீட்டை விட்டுடுறோம்" என்று போனில் சொல்லிவிட்டு, நாலைந்து மாதம் கழித்துச் சாமானை எடுக்க வந்தவர்களுக்கு அட்வான்ஸில் பெரும்பகுதி வாடகையிலேயே கழிந்துபோயிருந்தது. ஓனரைக் கேட்டால், "சாமான் உள்ளே இருந்துச்சு, சாவி உங்ககிட்ட இருந்துச்சு, அப்புறம் எப்படிக் காலி ஆச்சுன்னு சொல்றீங்க?" என்றார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போனதாலோ போனில் சொன்னதாலோ குடித்தனம் முடிந்துவிடாது. முறையாக நோட்டீஸ் கொடுத்து, வீட்டின் சுவாதீனத்தை, அதாவது வீட்டையும் சாவியையும், ஓனரிடம் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் முடிகிறது. ஊரடங்கில் கஷ்டமாகிப்போவதும் இந்தத் திருப்பிக் கொடுத்தல்தான். இந்த வழிகாட்டி முழுவதும், இனி ஒரு ஊரடங்கு வந்தால் அந்த நாளை எப்படி வர வைப்பது, அது வந்ததை எப்படி நிரூபிப்பது என்பதைப் பற்றியது. தமிழ்நாட்டுச் சட்டத்தையும் சென்னை வழக்கத்தையும் வைத்து எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்குச் சட்டப் பிரிவுகள் மாறும், நடைமுறை பெரும்பாலும் பொருந்தும்.

ஊரடங்கு என்பதால் வாடகை நிற்குமா?

நிற்காது. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொண்டால் பிறகு வரும் பேச்சு எல்லாம் சுலபமாகும்.

ஊரடங்கு ஆரம்பித்ததும் பலர் நம்பியது, "எதிர்பாராத பேரிடர், அதனால் ஒப்பந்தம் தானாக ரத்து" என்பதை. ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவு குத்தகைக்கும் வாடகைக்கும் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு. தீ, புயல், வெள்ளம் மாதிரி ஏதாவது நடந்து, வாடகைக்கு எடுத்த இடம் பெருமளவிலும் நிரந்தரமாகவும் பயன்படாமல் போனால் வாடகைதாரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஊரடங்கில் வீடு அப்படியேதான் நிற்கிறது. நாம்தான் போக முடியவில்லை. டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒருவர் வாடகையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்ட வழக்கில், 2020 மே 21-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதே காரணங்களைச் சொல்லி மறுத்தது. பணம் கட்டும் தேதியில் மட்டும் கொஞ்சம் தளர்வு கொடுத்தது.

விலக்கு ஒன்று இருந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2020 மார்ச் 29-இல் மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு, வாடகை இடங்களில் தங்கியிருக்கும் தொழிலாளர்களிடம், புலம்பெயர்ந்தவர்கள் உட்பட, ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றது. தொழிலாளர்களையும் மாணவர்களையும் கட்டாயப்படுத்திக் காலி செய்ய வைத்தால் நடவடிக்கை என்றும் சொன்னது. எல்லா வாடகைதாரருக்குமான தள்ளுபடி என்று அது பரவிவிட்டது. அப்படி இல்லை. இனி ஒருமுறை இப்படி ஒரு நிலை வந்தால், அரசாணையின் நகலை எடுத்து, யாருக்கு, எத்தனை நாளுக்கு என்ற இரண்டு வரியை நீங்களே படித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கத்தை நம்பி வாடகையை நிறுத்த வேண்டாம்.

ஆக, தினமும் வாடகை ஓடுகிறது. அதை நிறுத்தும் வேலையை இன்றைக்கே தொடங்க வேண்டும்.

படி 1: அக்ரிமெண்ட்டை எடுத்துப் பாருங்கள்

ஸ்டாம்ப் பேப்பரில் போட்ட 11 மாத அக்ரிமெண்ட் ஊரில் மாட்டிக்கொண்டவர்கள் பலரிடம் கைவசம் இருக்காது. ஓனரிடமோ ப்ரோக்கரிடமோ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: நோட்டீஸ் காலம் எத்தனை மாதம், குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திருப்பித் தர வேண்டும், பெயிண்டிங்குக்குப் பிடித்தம் என்று எழுதியிருக்கிறதா, நோட்டீஸை எந்த முகவரிக்கு எப்படி அனுப்ப வேண்டும் என்று இருக்கிறதா.

11 மாதம் முடிந்து புதுப்பிக்காமலே ஓடிக்கொண்டிருக்கும் குடித்தனங்கள் ஏராளம். எழுத்தில் எதுவும் இல்லாத மாதாந்திரக் குடித்தனத்துக்கு, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்வது 15 நாள் நோட்டீஸ். மாதக் கடைசியில்தான் முடிய வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 2002 திருத்தத்துக்குப் பிறகு தளர்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு மாதம் கொடுத்துவிடுவது நல்லது. ஓனருக்கும் அடுத்த ஆளைத் தேட அவகாசம் கிடைக்கும், உங்களுக்கும் பின்னால் பேச்சு வராது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம். அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரே வாடகை அதிகாரி. உங்களுடையது பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் அட்வான்ஸ் தகராறு வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

படி 2: நோட்டீஸுக்கு முன்னால் ஒரு போன்

சட்டத்தில் இதற்கு இடம் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. சென்னையில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் மருந்து வாங்கும் ஓய்வுபெற்றவர்கள் உண்டு. வீட்டுக் கடனின் தவணையை வாடகையை நம்பியே கட்டுபவர்களும் உண்டு. ஊரடங்கு அவர்களையும் அதே அளவு பயமுறுத்துகிறது. திடீரென்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு கடிதம் போய் நின்றால் அதன் பிறகு எல்லாமே மல்லுக்கட்டுதான். முதலில் பேசுங்கள்.

பேச்சில் கேட்க வேண்டியது ஒரே விஷயம்: கடைசி நாள் எது. "வாடகையைக் குறையுங்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே சிக்கிக்கொள்ளும். "ஐயா, இந்த மாதம் 30-ஆம் தேதியோடு கணக்கை முடிச்சுக்கலாமா? நோட்டீஸ் மாத வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்று கேட்டால் பெரும்பாலான ஓனர்கள் இறங்கி வருகிறார்கள். காரணம் எளிது. அட்வான்ஸ் பணம் அவரிடம் ரொக்கமாக இல்லை, அதை எப்போதோ செலவழித்திருப்பார். ஊரடங்கில் ஒரே மூச்சில் ஒன்றரை லட்சம் புரட்டுவதைவிட, வாடகையில் கழிவது அவருக்கும் வசதி.

ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் நீங்களாக வாடகையை நிறுத்தி, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. அது கணக்கில் வாடகை பாக்கி. அவர் ஒப்புக்கொண்டால் அன்றே அதை எழுத்தில் கொண்டுவாருங்கள்: "இன்று பேசியபடி, ஏப்ரல், மே வாடகை ரூ. 30,000 அட்வான்ஸில் கழித்துக்கொள்ளப்படும்." அவர் "சரி" என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும்.

பேச்சு எப்படிப் போனாலும், முடித்ததும் அடுத்த படிக்கு வந்துவிடுங்கள். நல்ல மனுஷர்தான், எழுத்து எதற்கு என்று நினைக்க வேண்டாம். நல்ல மனுஷரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து கணக்குக் கேட்கலாம்.

படி 3: நோட்டீஸ்

106-ஆம் பிரிவு சொல்வதைக் கவனியுங்கள்: நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரின் கையெழுத்து இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தட்டிய செய்தி மட்டும் போதாது என்பது இதனால்தான். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மூலக் கடிதத்தைத் தபாலில் அனுப்புங்கள். முழு ஊரடங்கிலும் தபால் அலுவலகம் அத்தியாவசியச் சேவையாக இயங்கியது. கடிதம் போய்ச் சேரத் தாமதமானது, ஆனால் அனுப்பிய தேதிக்கு ரசீது கிடைத்தது. சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால் இப்போது கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட், பதிவு வசதியோடு என்று கேளுங்கள். ஓனர் கீழ் வீட்டிலேயே இருந்தால் நேரில் அவரிடமோ அவர் வீட்டுப் பெரியவரிடமோ கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியாக நீதிமன்ற நோட்டீஸ்களையும் சம்மன்களையும் சார்வு செய்யலாம், அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கலாம், என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 10-இல் அனுமதித்தது. அது நீதிமன்ற நடவடிக்கைகளுக்கானது. நம் கடிதத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், மின்னணுச் செய்தி சாட்சியமாக நிற்கும். அதற்காக ஓனரோடு நடந்த உரையாடலை அழிக்காமல் வையுங்கள். போன் மாற்றினால் உரையாடலை முதலில் ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்து மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

*அனுப்புநர்: பெயர், வாடகை வீட்டின் முகவரி, தற்போது தங்கியிருக்கும் முகவரி, கைபேசி எண்*
*பெறுநர்: ஓனரின் பெயர், முகவரி*
*தேதி:*

*மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,*

*தங்களுக்குச் சொந்தமான மேற்கண்ட வீட்டில் ........ தேதி முதல் மாதம் ரூ. ........ வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். முன்பணமாக ரூ. ........ தங்களிடம் உள்ளது. இந்த வீட்டை ........ தேதியன்று காலி செய்து சுவாதீனத்தைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். இக்கடிதத்தை அதற்கான நோட்டீஸாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.*

*ஊரடங்கு உத்தரவால் அன்று நான் நேரில் வர இயலாமல் போனால், என் சார்பில் ........ அவர்கள் சாவியை ஒப்படைப்பார். வாடகை, மின்கட்டணம் போக மீதமுள்ள முன்பணத்தைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

*இப்படிக்கு,*
*(கையெழுத்து)*

காலி செய்வதற்கான காரணத்தை விவரிக்கத் தேவையில்லை. வேலை போனது, சம்பளம் பாதியானது என்று நான்கு பத்தி எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்கு ஆறுதலாக இருக்கலாம், ஆனால் கடிதத்தில் தேதியும் தொகையும் அதில் மூழ்கிப்போகும்.

படி 4: சாமான்

ஊரடங்கில் காலி செய்வதில் உண்மையான சிக்கல் இதுதான். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டால் திருமணம், மருத்துவ அவசரம், இறப்பு என்ற காரணங்களுக்கே கிடைத்தது. வீடு காலி செய்வது அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலத்துக்குள் இ-பாஸ் முறை 2020 செப்டம்பர் 1-இல்தான் நீங்கியது. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் இ-பதிவு என்று வேறு பெயரில் கட்டுப்பாடு வந்தது. ஆகவே சாமான் வெளியேறும் நாள் உங்கள் கையில் இல்லை, அரசு உத்தரவின் கையில் இருக்கிறது. சாமான் நகரும்வரை குடித்தனம் ஓட வேண்டும் என்பதில்லை. இரண்டையும் பிரிக்க முடியும்.

நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள், சாமான் சென்னையில் இருக்கிறது என்றால் மூன்று வழி.

ஒன்று, சாமானை ஒரே அறைக்குள் நகர்த்தி அந்த அறையை மட்டும் பூட்டிவிட்டு, மற்ற பகுதியை ஓனரிடம் ஒப்படைப்பது. தனி வீடு, இரண்டு மூன்று படுக்கையறை உள்ள வீடு என்றால் இது நடக்கும். அந்த அறைக்கு ஒரு சிறு தொகை பேசிக்கொள்ளலாம். "சாமான் வைக்க மட்டுமே, குடியிருக்க அல்ல, இந்தத் தேதி வரை" என்று கண்டிப்பாக எழுத வேண்டும். அப்படி எழுதாவிட்டால் பழைய குடித்தனமே தொடர்வதாக ஆகிவிடும்.

இரண்டு, சென்னையில் இருக்கும் நண்பரோ உறவினரோ உங்கள் சார்பில் கட்டிவைத்து, அருகிலேயே அவர் வீட்டுக்கோ அதே தெருவில் ஒரு அறைக்கோ மாற்றுவது. ஊருக்குள் கட்டுப்பாடு தளரும்போது ஒரு குட்டி யானை வண்டி கிடைத்துவிடும். மாவட்டம் தாண்டும் லாரிதான் கிடைக்காது. அவருக்கு உங்கள் கையெழுத்தோடு ஓர் அதிகாரக் கடிதமும், உங்கள் அடையாள அட்டையின் நகலும் அனுப்புங்கள். பூட்டைத் திறக்கும் நேரத்தில் வீடியோ அழைப்பில் நீங்களும் இருங்கள், முடிந்தால் ஓனரும் இருக்கட்டும். பீரோவிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது சான்றிதழ்கள், பத்திரங்கள், நகை, மாத்திரைச் சீட்டுகள். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் மதிப்பெண் பட்டியலை விட்டுவிட்டு ஊருக்குப் போன பையன்களுக்கு, கட்டிலும் மெத்தையும் பெரிதில்லை, அந்த ஒரு கோப்புதான் எல்லாம்.

மூன்று, சாமானின் மதிப்பு நாலு மாத வாடகையைவிடக் குறைவு என்றால் விட்டுக்கொடுப்பது. பிளாஸ்டிக் நாற்காலி, பழைய மெத்தை, இரும்புக் கட்டில் இவற்றைக் காக்க மாதம் பன்னிரண்டாயிரம் கட்டுவதில் அர்த்தம் இல்லை. ஓனரே எடுத்துக்கொள்ளட்டும் அல்லது அடுத்து வருபவருக்குக் கொடுக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

எந்த வழியானாலும் பிரிட்ஜைக் காலி செய்து திறந்து வைக்கச் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் சென்னையிலேயே இருந்து காலி செய்கிறீர்கள் என்றால், லோடுமேன்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பொருள்களை நீங்களே முன்கூட்டிக் கட்டி வாசலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 2020 ஜூன் 19 முதல் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூரில் மறுபடி முழு ஊரடங்கு வந்த மாதிரி நடுவில் எதுவும் வரலாம். தளர்வு கிடைத்த வாரத்திலேயே முடித்துவிடுவது உத்தமம். அடுக்குமாடி என்றால் லிஃப்ட், வெளியாட்கள் பற்றிச் சங்கம் போட்டிருக்கும் கட்டுப்பாட்டை ஒரு நாள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது தொற்று இருந்தால்

காலி செய்ய வேண்டாம். கதவில் தனிமைப்படுத்தல் அறிவிப்பு ஒட்டியிருக்கும்போது வீடு மாறுவது விதிமீறல், வண்டி ஏற்ற வருபவர்களுக்கும் ஆபத்து. ஓனருக்கு உடனே எழுத்தில் சொல்லி, தனிமைக் காலம் முடிந்து இத்தனை நாளில் ஒப்படைக்கிறேன் என்று புதுத் தேதி கொடுங்கள். அந்தக் கூடுதல் நாட்களுக்கு நாள் கணக்கில் வாடகை தருவதாகவும் சொல்லிவிடுங்கள். வீடு பார்க்கப் புது ஆட்களை ஓனர் அழைத்துவர நினைத்தால், வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்று நீங்களே முந்திக்கொள்ளலாம்.

ஓனரே வெளியே போகச் சொன்னால்

2020 மார்ச்சில் மருத்துவர்களையும் செவிலியர்களையும் வீட்டைக் காலி செய்யச் சொன்ன ஓனர்கள் இருந்தார்கள். நினைத்தால் இன்னும் மனசு கொதிக்கிறது. இரவு பகலாக வார்டில் நின்றவர்கள், வீடு திரும்பும்போது பூட்டிய கேட்டைப் பார்த்தார்கள். 2020 ஏப்ரல் 22-இல் வந்த அவசரச் சட்டம் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. மருத்துவப் பணியாளர்களின் வாழ்க்கை நிலையையோ வேலை நிலையையோ பாதிக்கும் துன்புறுத்தலும் அதில் வன்முறைதான். அந்த ஆண்டே அது நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆனது.

மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது எதுவும் சட்டப்படியான வெளியேற்றம் அல்ல. அத்தியாவசிய வசதிகளைத் துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், குறித்துரைத்த தீர்வழிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அவசரத்தில் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். "இது சிவில் விவகாரம்" என்று அவர்கள் சொன்னாலும் அந்த ரசீதின் தேதி பிறகு உதவும்.

படி 5: மீட்டரும் சுவரும்

கடைசி நாள் காலையில் வீடு காலியாக இருக்கும்போது, வாசலிலிருந்து நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுங்கள். ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், தரை, கதவு, ஜன்னல் கண்ணாடி, குழாய், கழிவறை, சுவிட்ச் போர்டு எல்லாம் வரட்டும். அப்படியே போய் ஈபி மீட்டரில் முடியுங்கள், எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மீட்டர் ஏன் முக்கியம் என்றால், 2020 ஊரடங்கில் மின்வாரிய ஊழியர்கள் கணக்கெடுக்க வரவில்லை. முந்தைய கணக்கீட்டுத் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாதத்துக்குச் சேர்த்துக் கணக்கெடுத்து, இரண்டாகப் பிரித்து, கட்டியதைக் கழித்துக்கொண்டு பில் போட்டார்கள். கட்டணம் எகிறிவிட்டது என்று ஊரெல்லாம் புகார், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இதற்கு நடுவில் வீடு மாறியவர்கள் நிலை இன்னும் மோசம்: நீங்கள் போன பிறகு வந்தவரின் ஏசி ஓடிய யூனிட்டும் உங்கள் அட்வான்ஸில் கழியும். சாவி கொடுத்த அன்றைய மீட்டர் எண் போட்டோவில் இருந்தால் அதற்கு மேல் ஒரு யூனிட்டும் உங்களுடையதல்ல. 2021 மே மாதத்தில் மின்நுகர்வோரே மீட்டரைப் படம் எடுத்துப் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்று மின்வாரியம் அனுமதித்தது. அப்படி ஒரு வசதி இருந்தால் ஓனரிடம் சொல்லி அனுப்பவைத்து, அந்தப் பில்லை அன்றே கட்டிவிடுங்கள்.

கேபிள், இணைய இணைப்பு, பால் அட்டை, அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் அதே நாளோடு நிறுத்துங்கள்.

படி 6: சாவி

இந்த நாளில்தான் வாடகை நிற்கிறது. ஓனர் நேரில் வரப் பயந்தால், வாட்ச்மேனிடமோ கீழ் வீட்டிலோ கொடுக்கச் சொல்வார். கொடுக்கலாம், ஆனால் யாரிடம் கொடுப்பது என்பதை ஓனர் முதலில் செய்தியாக அனுப்பியிருக்க வேண்டும். கொடுக்கும்போது படம் எடுத்து அங்கிருந்தே ஓனருக்கு அனுப்புங்கள். எத்தனை சாவி என்பதும் அதில் வரட்டும்.

ரசீது மூன்று வரி போதும்: *"........ முகவரியிலுள்ள வீட்டைக் காலியான நிலையில் ........ தேதி ........ மணிக்குப் பெற்றுக்கொண்டேன். சாவிகள் ........ பெற்றேன். மின்மீட்டர் காட்டும் அளவு ......... முன்பணத்தில் திருப்பித் தர வேண்டியது ரூ. ........, ........ தேதிக்குள்."* நேரில் கையெழுத்து வாங்க முடியாவிட்டால் இதையே நீங்கள் செய்தியாக அனுப்பி அவரிடம் "சரி" வாங்குங்கள்.

ஓனர் சாவியை வாங்கவே மறுக்கிறார் என்ற நிலையும் வரும். புது ஆள் கிடைக்கும்வரை நீங்களே வாடகை கொடுக்க வேண்டும் என்பார். நோட்டீஸ் காலம் முடிந்திருந்தால் அது உங்கள் பொறுப்பு அல்ல. சாவியை ஒப்படைக்கத் தயார், எப்போது எங்கே தருவது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் சாவியைப் பதிவு வசதியோடு தபாலில், உறைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி, உறையிடுவதை வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள். நீங்கள் ஒப்படைக்க முன்வந்ததற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இருக்காது.

படி 7: கணக்கு

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நெடுங்கால வழக்கம். படி 1-இல் சொன்ன 2017 சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

தகராறு வருவது அந்த "உரிய பிடித்தம்" எது என்பதில். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பழுதுபார்ப்பில் யாருக்கு எது என்று பிரித்துத் தருகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, கட்டடப் பழுது, பெரிய மின்வயரிங் இவை ஓனரின் பங்கு. குழாய் வாஷர், சுவிட்ச், கண்ணாடி, பூட்டு, சாக்கடை அடைப்பு இவை வாடகைதாரர் பங்கு. குடியிருப்பதால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. அக்ரிமெண்ட்டில் பெயிண்டிங் பிடித்தம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் பேசித்தான் குறைக்க முடியும். எழுதவில்லை என்றால் இந்த அட்டவணையைக் காட்டுங்கள். உடைந்த கண்ணாடியையும் ஒழுகும் குழாயையும் காலி செய்யும் முன் நீங்களே மாற்றிவிட்டால் பேச்சுக்கு வேலையே இல்லை.

கணக்கு ஒரே தாளில் இருக்கட்டும். உதாரணத்துக்கு: அட்வான்ஸ் 1,50,000, நோட்டீஸ் மாதங்கள் இரண்டுக்குக் கழிவு 30,000, மின்கட்டணம் 1,800, கண்ணாடி ஒன்று 700, மீதி 1,17,500. ஓனருக்கு ஒரே தடவையில் கொடுக்க முடியாவிட்டால் தவணைக்குச் சம்மதிக்கலாம். தேதி போட்ட காசோலையோ, தேதி போட்ட எழுத்தோ இல்லாமல் "நிலைமை சரியானதும் தர்றேன்" என்பதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

அட்வான்ஸ் வரவில்லை என்றால்

ஒரு மாதம் முடிந்த மறுநாள், சாவி ரசீது, மீட்டர் படம், கணக்குத் தாள் மூன்றையும் இணைத்து 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். வாடகைத் தகராறுகள் நிறைய இங்கேயே தீர்ந்துவிடக் கூடியவை என்பதால், வக்கீல் கட்டணத்துக்கு முன் இந்தக் கதவைத் தட்டச் சொல்வேன். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் 2017 சட்டத்தின் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். பதிவாகவில்லை என்றால் வழி சற்று மாறும், அங்கே ஒரு வழக்கறிஞரின் யோசனை வேண்டும்.

பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவான கெடு 3 ஆண்டு. கொரோனா காலத்தில் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த முறை அப்படிக் கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. அந்த இரண்டு அலைகளில் வாடகைதாரரே இறந்துபோன வீடுகள் உண்டு. கணவர் பெயரில் அக்ரிமெண்ட், அவர் போன் பூட்டிக் கிடக்கிறது, அட்வான்ஸ் எவ்வளவு என்றே மனைவிக்குத் தெரியாது. இப்படி ஒரு குடும்பம் காலி செய்யும்போது ஓனர், "வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாங்க, பணம் தர்றேன்" என்று சொல்வதில் தவறில்லை, நாளை வேறொரு வாரிசு வந்து கேட்டால் அவர் மாட்டிக்கொள்வார். வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழுக்கு இணையவழி விண்ணப்பிக்கலாம். ஆனால் அது வரும்வரை வீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. சாவியை ரசீதோடு அன்றே கொடுத்து வாடகையை நிறுத்திவிடுங்கள், வங்கிக் கணக்கிலிருந்து அட்வான்ஸ் போன தேதியைத் தேடி எடுத்துவையுங்கள், மீதிப் பணத்தைச் சான்றிதழ் வந்த பிறகு வாரிசுகள் சேர்ந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம்.